தோல், தலை, மீந்த சோறு: எதை எப்படிச் சமைத்தால் லாபம்?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாகக் கணக்கிடுகிறது. தோல், எலும்பும் அதில் சேர்த்திதான். நம் வடசென்னைப் பங்கு கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் மலையாகக் கிடக்கிறது. இதைக் குறைக்கச் சமையல் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீசப்போனதைக் காப்பாற்றப் புதிதாக எவ்வளவு எண்ணெய், கேஸ் செலவாகிறது என்று பார்த்தால் பாதிக் குறிப்புகள் அடிபட்டுப் போகும்.

தோலையே எடுத்துக்கொள்வோம். பீர்க்கங்காய், சௌசௌ தோலை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்தால் துவையல். அன்றைக்குத் தனியாகச் சட்னி வேண்டாம். உருளைத் தோல் சிப்ஸுக்கோ கைப்பிடித் தோலுக்கு அரை வாணலி எண்ணெய் காய வேண்டும். பச்சை படிந்த தோலில் இருக்கும் சோலனின் என்ற நஞ்சு பொரித்தாலும் முழுசாகப் போகாது. என் ஓட்டு துவையலுக்கே.

காசிமேட்டில் மீன் வாங்கி வந்த பையில்தான் உண்மையான போட்டி: எறா தலையா, மீன் தலையா? எறாவின் எடையில் கிட்டத்தட்ட பாதி தலையும் ஓடும்தான். சுத்தம் செய்யக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே போய்விடும், கேட்டு வாங்க வேண்டும். தலைகளைக் கழுவி, துளி எண்ணெயில் சிவக்க வதக்கி, வெந்நீர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மத்தால் நசுக்கி வடித்தால் ஆரஞ்சு நிறத்தில் சாறு இறங்கும். எறா தொக்குக்குத் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றினால் ருசியே வேறு. குறை ஒன்றுதான்: வடித்த சக்கை அப்படியே மிஞ்சும், மறுநாள் குப்பைக்காரர் வரும் வரை வீடு நாறும்.

கொடுவா, வஞ்சிரம் தலையில் அந்தத் தொல்லை குறைவு. செவுளை எடுத்துவிட்டு, கொதிக்கும் புளிக்குழம்பில் மாங்காயோடு கடைசியில் போட்டால் போதும். தனி அடுப்பு வேண்டாம், கடைசியில் முள் மட்டும்தான் மிஞ்சும். கன்னத்துச் சதைக்கு எந்தத் துண்டும் ஈடில்லை (துண்டு மீன் மட்டும் வாங்குகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது). உறிஞ்சிச் சாப்பிட வீட்டில் ஒருவராவது இருந்தால் மீன் தலைதான். முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகள் மட்டும் என்றால் எறா சாறு.

மீந்த சோற்றுக்குப் பழைய சோறா, வடகமா? வடகத்துக்கு நல்ல வெயிலும் மாடியும் வேண்டும், பிறகு பொரிக்க எண்ணெயும் வேண்டும். எண்ணூர்ப் பக்கம் மாடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் தெருக்களில் அதைக் காயவைக்க எனக்கு மனசு வராது. பழைய சோற்றுக்குத் தண்ணீரும் உப்பும் போதும், கேஸ் செலவே இல்லை. ஆனால் ஆறியதுமே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மத்தியானச் சோறு ராத்திரி வரை சும்மா கிடந்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகலாம். அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அப்படிக் கிடந்த சோற்றைப் பழைய சோறாகவோ வடகமாகவோ மாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.