வெள்ளிக்கிழமை மூன்றரை மணி மடல்: எங்கள் பள்ளி மாவட்டச் செய்திச் சேவை

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் நேரத்தில், எங்கள் பள்ளி மாவட்டத்தின் வாரமடல் போனுக்கு வந்துவிடும். ஐந்து வருடமாக விடாமல் படிக்கிறேன். ஆரம்பத்தில் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இப்போதெல்லாம் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், வரப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியலைப் படித்த பிறகுதான் மேலே வருகிறேன். அந்தப் பட்டியல் ஒன்றுக்காகவே இதைப் படிக்கச் சொல்லித் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்றப் பகுதிகளில் குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். இங்கே எல்லோரும் ஐ.எஸ்.டி. என்று சொல்வது பள்ளி மாவட்டத்தைத்தான். மாநிலத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நம் ஊர் மாவட்டம் போல ஒரு கலெக்டருக்குக் கீழே வருவதல்ல இது. நகராட்சியின் எல்லை வேறு, இதன் எல்லை வேறு. ஒரே நகரத்தில் அடுத்தடுத்த தெருக்கள் வெவ்வேறு பள்ளி மாவட்டத்தில் விழலாம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இதை நடத்துகிறது. நாம் கட்டும் சொத்து வரியில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது. ஆகவே இந்த மடல் நம் பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்து வருவதல்ல. மாவட்டத்தில் உள்ள தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி எல்லாவற்றின் சேதியும் இதில் இருக்கும். “நம்ம ஸ்கூல் பேர் இல்லையே” என்று பலர் மூடிவிடுவது அதனால்தான். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

என் அம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தபோது அது மாறியது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தவருக்குச் சாயங்காலம் எங்காவது கிளம்ப வேண்டும் போல இருக்கும். கடைக்கு எத்தனை தடவைதான் போவது? அந்த வாரப் பட்டியலில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓரங்க நாடகம், பொதுமக்கள் வரலாம், கட்டணம் இல்லை என்று ஒரு வரி இருந்தது. நாடகத்துக்கு மூன்று வாரம் முன்பே போட்டிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

போன பிறகுதான் அது யு.ஐ.எல். போட்டிக்கு முன்பு ஊராருக்காக நடத்திக் காட்டும் நாடகம் என்று தெரிந்தது. யு.ஐ.எல். என்பது நூறு வருடத்துக்கும் முன்பே டெக்சஸ் பல்கலைக்கழகம் தொடங்கிய அமைப்பு. மாநிலத்தின் பொதுப் பள்ளிகளுக்கு இடையே கால்பந்திலிருந்து கணக்கு வரை போட்டிகளை நடத்துவது அதுதான். ஓரங்க நாடகப் போட்டியில் நாற்பது நிமிடத்துக்குள் நாடகம் முடிய வேண்டும். காலி மேடையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்க ஏழு நிமிடம், முடிந்ததும் எடுத்துப் போக ஏழு நிமிடம். அன்றைக்கு அந்த ஏழு நிமிடத்தையும் எங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டினார்கள். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் மேடைக்கு வந்தார்கள். ஒருத்தி கனமான மேசையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்து, குனிந்துகூடப் பார்க்காமல், தரையில் ஒட்டியிருந்த சின்ன டேப் துண்டின் மேல் மேசைக்காலை வைத்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடகம் ஆங்கிலத்தில், அவருக்குப் பாதிதான் புரிந்தது. மேசை வைத்தது முழுக்கப் புரிந்தது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளி அடுத்த சுற்றுக்குப் போயிருப்பதாக மடலில் இரண்டு வரிச் செய்தி வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “மேசை தூக்கின பொண்ணும் போறாளா?” என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கி அவளைத் தேடிக் கண்டுபிடித்தோம், கடைசி வரிசையில் நின்றிருந்தாள். நேரில் போகாமல் இருந்திருந்தால் அந்தச் செய்தியை நான் ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். இந்த மடலைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதுதான்: வெற்றிச் செய்தி நமக்கு உறைக்க வேண்டுமானால் அதற்கு முன் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளைகளை நேரில் பார்த்திருக்க வேண்டும். அதற்கு வழி செய்வது நிகழ்ச்சிப் பட்டியல்தான்.

என் முதல் குறையும் இதில்தான். எல்லாப் பள்ளிகளும் பட்டியலுக்கு ஒரே மாதிரி தகவல் அனுப்புவதில்லை. நாடகம், ஆர்கெஸ்ட்ரா, கால்பந்து எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும். தொடக்கப் பள்ளி அறிவியல் கண்காட்சி, ஓவியக் கண்காட்சி போன்றவை நடந்து முடிந்த பிறகு படமாகத்தான் வரும். போன வருடம் ஒரு தொடக்கப் பள்ளியின் சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களைப் படத்தில் பார்த்தேன். பள்ளி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான், கண்காட்சி முந்தின நாளே முடிந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அடுத்தது சாதனைப் பகுதி. ஒரு செய்தியை எவ்வளவு சுருக்கினால் உயிர் போய்விடும் என்பதற்கு அதிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். “நடுநிலைப் பள்ளி நம்பர் சென்ஸ் அணி இரண்டாமிடம்” என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். என் மகள் ஆறாம் வகுப்பில் அந்தப் போட்டியில் இருந்ததால் அது என்னவென்று எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் எண்பது கணக்கு. தாளில் விடையை மட்டும்தான் எழுதலாம், வழிமுறை எழுதக் கூடாது. எழுதியதை அழிக்கக் கூடாது, அடித்துத் திருத்தவும் கூடாது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தாண்டிப் போனாலும் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு பத்தாவது கணக்குக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும், அதற்குத் தோராயமான விடை போதும், ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

ஒருநாள் சமையலறை மேசையில் மகளோடு உட்கார்ந்து ஒரு பயிற்சித் தாளை நானும் எழுதிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பத்தொன்பதாவது கணக்கில் நின்றேன். 97-ஐ 96-ஆல் பெருக்கு என்று இருந்தது, நான் கைவிரலால் மேசையில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவள் சொல்லிக் கொடுத்தாள்: “அம்மா, நூறுக்கு ஒன்னு மூணு குறைச்சல், இன்னொன்னு நாலு குறைச்சல். 97-லேர்ந்து நாலை எடு, 93. மூணையும் நாலையும் பெருக்கு, 12. பக்கத்துல வை, 9312.” சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். நட்சத்திரம் போட்ட இருபதாவது கணக்கு, 397-ஐ 51-ஆல் பெருக்கு. நானூறு, ஐம்பது, இருபதாயிரம் என்று எழுதிவிட்டு நகர்ந்தாள். அந்த ஒரு வரிச் செய்தியோடு இப்படி ஒரே ஒரு கணக்கைப் போட்டிருந்தால் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்! மடலை நடத்துகிறவர்களுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

விளக்கம் இல்லாமல் எழுதுவதால் தப்பாகப் புரிந்துகொள்வதும் நடக்கிறது. வசந்த காலத்தில் ஆர்கெஸ்ட்ரா, பேண்டு செய்திகளில் “டிவிஷன் ஒன்று”, “ஸ்வீப்ஸ்டேக்ஸ்” என்று வரும். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் உடனே முதலிடம் என்று வாழ்த்துகள் பறக்கும். டிவிஷன் ஒன்று என்பது முதலிடம் இல்லை, தர மதிப்பீடு. அந்தத் தரத்தைத் தொடும் எத்தனை குழுவுக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். அதனால் பெருமை குறைந்துவிடாது. முதலில் மாதக்கணக்கில் பழகிய பாட்டுகளை மேடையில் மூன்று நடுவர்கள் முன் வாசிக்க வேண்டும். அப்புறம் வேறு அறைக்குப் போக வேண்டும். அங்கே இதுவரை கண்ணாலேயே பார்க்காத ஓர் இசைத்தாளைக் கொடுப்பார்கள். ஆசிரியர் சில நிமிடம் விளக்கலாம், பிள்ளைகள் விரலை நகர்த்திப் பார்க்கலாம், வாயால் பாடிப் பார்க்கலாம், வாத்தியத்தை மட்டும் வாசிக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் நேராக வாசித்துவிட வேண்டியதுதான். இரண்டு அறையிலும் டிவிஷன் ஒன்று வாங்கினால்தான் ஸ்வீப்ஸ்டேக்ஸ். என் மகன் வயோலா வாசிக்கிறான். அந்த அறையில் ஐம்பது பேர் ஒன்றாக மூச்சு இழுத்துவிட்டு ஆரம்பிக்கிற சத்தம்தான் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பான். அந்த மாதிரி ஒரு வாக்கியம் மடலில் வந்து நான் பார்த்ததில்லை.

புகைப்படங்கள் நன்றாக இருக்கின்றன. கோப்பையோடு வரிசையாக நிற்கும் படங்கள் அதிகம்தான், ஆனாலும் எடுப்பவருக்குப் பிள்ளைகள் மேல் பிரியம் இருப்பது தெரிகிறது. ஹோம்கமிங் என்று பழைய மாணவர்களை வரவேற்றுப் பள்ளி கொண்டாடும் வாரத்தில், இடுப்புக்குக் கீழே ரிப்பன் தொங்கும் பெரிய மம் பூக்களை (சாமந்தி போலச் செய்த அலங்காரம்) குத்திக்கொண்டு பிள்ளைகள் நடந்து வரும் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

படம் பற்றிச் சொல்லும்போது புதுப் பெற்றோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வருட ஆரம்பத்தில் நிரப்பும் படிவங்களில் “டைரக்டரி தகவல்” என்று ஒன்று இருக்கும். 1974-ல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியே தர முடியாது. ஆனால் பெயர், படம், வாங்கிய பரிசு, கலந்துகொண்ட போட்டி போன்றவற்றை டைரக்டரி தகவல் என்று அறிவித்து வெளியிடலாம். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். நான் வந்த முதல் வருடம் பயத்தில், முழுதாகப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று குறித்துவிட்டேன். அந்த வருடம் மகளின் ஓவியம் தேர்வானது. மற்ற நான்கு பிள்ளைகளின் பெயரும் படமும் மடலில் வந்தன, அவளுடையது வரவில்லை. “நான் நல்லா வரையலையாம்மா?” என்று கேட்டாள். தப்பு என்னுடையது என்று அவளுக்குப் புரியவைக்க அன்று ராத்திரி வெகுநேரம் ஆயிற்று. வேண்டாம் என்று குறிப்பது சில குடும்பங்களுக்குத் தேவையான பாதுகாப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் குறியுங்கள், பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மடலில் மொழி மாற்றும் பொத்தான் இருக்கிறது, பட்டியலில் தமிழும் உண்டு. அம்மாவுக்காகப் போட்டுப் பார்த்தேன். தேதியும் இடமும் சரியாக வருகின்றன. மற்றதை நம்ப முடியவில்லை. ஹோம்கமிங் என்பதை “வீடு திரும்புதல்” என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, பிள்ளைகள் அன்று சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்று அம்மா மதியமே சாப்பாடு எடுத்துவைத்துக் காத்திருந்தார். வாரமடலில் இப்படி நடந்தால் பரவாயில்லை. பிள்ளையின் படிப்பு, உடல்நலம் பற்றிய முக்கியமான சந்திப்பு என்றால் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி உட்காராதீர்கள். ஆங்கிலம் சரளமாக இல்லாத பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டியது மாவட்டத்தின் கடமை என்றுதான் 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்கு வெகுகாலமாக விளக்கம் சொல்லிவந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

மாதம் ஒருமுறை மாவட்டக் குழுக் கூட்டம் பற்றியும் மடலில் வரும். கூட்டத்தின் தொடக்கத்தில் சாதித்த பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். மகனின் குழுவைக் கூப்பிட்டபோது போனோம். அமெரிக்கக் கொடிக்கும் டெக்சஸ் கொடிக்கும் உறுதிமொழி, கைதட்டல், படம், எல்லாம் இருபது நிமிடம். அது முடிந்ததும் அரங்கில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் இருந்தோம். அடுத்த அரை மணி நேரத்தில் பேசியது வரவுசெலவு, பேருந்துத் தடங்கள், அப்புறம் எந்தப் பள்ளியில் கலை ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்பது. சற்றுமுன் நாங்கள் கைதட்டியது எதனால் நடக்கிறதோ அதைப் பற்றிய பேச்சு அது. மடலில் முதல் இருபது நிமிடத்தின் படங்கள் மட்டும்தான் வந்தன. எடுத்த முடிவுகளையும் நாலு வரியில் போட வேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த நான்கில் மூன்று நிகழ்ச்சிப் பட்டியலுக்கு.

அம்மா அடுத்த முறை பிப்ரவரியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விமான டிக்கெட் போடுவதற்கு முன்பு ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அந்த நாடகப் பள்ளிக்கூடம் எப்போது ஆடுகிறது என்று. இன்னும் தேதி வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.