ரோமன் எண்ணை எந்தப் பக்கமிருந்து படிப்பது?

பள்ளியில் பழகியது இடமிருந்து வலம். பெரிய எழுத்துக்குப் பின்னால் சிறியது வந்தால் கூட்டு, முன்னால் வந்தால் கழி. நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் கைப்பலகையில் எம்-டி-சி-சி-எல்-எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ என்று இருக்கிறது. ஆயிரம், ஐந்நூறு, இரண்டு நூறு, ஐம்பது, இரண்டு பத்து, ஐந்து, ஒன்று. கூட்டினால் 1776. கழித்தலே இல்லாததால் எப்படிப் படித்தாலும் தப்பாது. (நமக்கு ஐ என்றால் ஐந்து நினைவுக்கு வரும், இங்கே அது ஒன்று.)

எம்-சி-எம்-எக்ஸ்-சி-ஐ-வி வந்தால்தான் தடுமாற்றம். ஒவ்வொரு எழுத்திலும் நின்று அடுத்ததை எட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்தது துண்டு போடுவது. எம், சி-எம், எக்ஸ்-சி, ஐ-வி. ஆயிரம், தொள்ளாயிரம், தொண்ணூறு, நான்கு: 1994. தமிழருக்கு இது எளிதாக வரவேண்டும். நூறைத் தொடாத தொண்ணூறுக்குள் நூறும், ஆயிரத்தைத் தொடாத தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் இருக்கின்றனவே! எக்ஸ்-சியும் சி-எம்மும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன. சினிமா முடிவில் ஓடும் ஆண்டு, புத்தகத்தின் அத்தியாய எண் எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

ஆனால் கல்வெட்டுக்காரர்கள் நம் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டு செதுக்கவில்லை. லண்டன் அட்மிரால்டி வளைவில் 1910 என்பது எம்-டி-சி-சி-சி-சி-எக்ஸ். சி-எம்மைத் தேடினால் கிடைக்காது. ரோம் கொலோசியத்தின் 44-ஆம் வாயில் இன்னும் வேடிக்கை: எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ. நாற்பதுக்குக் கழித்தல், நான்குக்குக் கூட்டல்.

இங்கே வலமிருந்து இடம் வருவதே நம்பகம். இதுவரை பார்த்ததில் பெரியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடச் சிறியது வந்தால் கழி, இல்லாவிட்டால் கூட்டு. பக்கத்து எழுத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதும் என்று பலர் சுருக்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. கி.பி. 9-இல் ஜெர்மானியக் காட்டில் அழிந்த ரோமப் படையின் அதிகாரி மார்கஸ் கேலியஸின் நினைவுக்கல் ஜெர்மனியின் பான் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரது படைப்பிரிவின் எண் அதில் எக்ஸ்-ஐ-ஐ-எக்ஸ். சுருக்க விதிப்படி 10, 9, திரும்ப 10, கடைசியில் 20. பெரியதை நினைவில் வைத்தால் 10, 9, 8, 18. அவருடையது 18-ஆம் படைப்பிரிவுதான்.

அதே கல்லில் அவர் வயது எல்-ஐ-ஐ-ஐ-எஸ். பள்ளி வாய்ப்பாட்டில் இல்லாத அந்த எஸ்ஸுக்கு அரை என்று பொருள். ஐம்பத்து மூன்றரை வயது.