பரம்பிக்குளத்தில் ஒரு ராத்திரி

எங்கள் தென்னந்தோப்புக்கு பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட வாய்க்கால் தண்ணீர்தான். 'பரம்பிக்குளத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?' என்று கேட்காத ஆள் உடுமலைப் பக்கம் இருக்க முடியாது. நானும் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்த்தது என்னவோ போன டிசம்பரில்தான்.

பரம்பிக்குளம் கேரளக் காடு, 2010 முதல் புலிகள் காப்பகம். ஆனால் ரோட்டில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று நம் பக்கமாகத்தான் ஏற வேண்டும். சேத்துமடையில் தமிழ்நாடு செக்போஸ்ட், ஆனப்பாடியில் கேரளா செக்போஸ்ட். இரண்டு இடத்திலும் காசு கட்டணும்.

நாங்கள் தங்கியது ஆனப்பாடிக் கூடாரத்தில். கட்டில், மெத்தை, பாத்ரூம் எல்லாம் உண்டு, ஏ.சி., டி.வி. கிடையாது. இருட்டிய பிறகு வெளியே சுற்றக் கூடாது. ராத்திரி என் மகள் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாள். பத்தடி தள்ளி இருபது முப்பது கண்கள் மின்னின. அலறிவிட்டாள். எல்லாம் புள்ளிமான்.

இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு மலையில், பேர் வேண்டாம், 'ஈக்கோ', அதாவது இயற்கையைக் கெடுக்காதது என்று போர்டு மாட்டிய ரிசார்ட்டில் தங்கினோம். பதினோரு மணி வரை ஸ்பீக்கர். சாப்பிட்ட எலும்பைக் காட்டுப் பக்கம் வீசிவிட்டு 'நரி வரும் சார், பாருங்க' என்றார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட அந்த மலைக்காரர் இல்லை.

பரம்பிக்குளத்தில் கதை வேறு. காட்டுக்குள்ளேயே காடர், மலசர், மலமலசர், முதுவர் என்ற பழங்குடிகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. வழிகாட்டுவது, வேன் ஓட்டுவது, சமைப்பது என்று எங்கே திரும்பினாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். நாம் கட்டும் பணம் காப்பகத்தின் அறக்கட்டளைக்குப் போகிறது. அவர்கள் சம்பளத்துக்கும் காட்டுப் பராமரிப்புக்கும் அதிலிருந்துதான் செலவாகிறது.

எங்களுக்கு வந்த வழிகாட்டி ஒரு காடர் அண்ணன். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், அதுவும் குறைவாக. காலை நடையில் ஒரு மரத்தடியில் நின்று பட்டையைத் தொட்டுக் காட்டினார். கரடி ஏறிய நகக்கீறல். கீழே பழைய கீறல்கள் கறுத்துப்போயிருந்தன. அதற்கு மேலே புதுசு, உள்பட்டை வெளுப்பாகத் தெரிந்தது. "மேல தேன்கூடு இருந்துச்சு சார். நான் எடுக்க வந்தேன். முந்தின நாளே அவன் எடுத்துட்டான்." அந்த 'அவன்'-இல் கோபம் இல்லை, பங்காளியைச் சொல்வது மாதிரிதான் இருந்தது.

கன்னிமாரா தேக்கு என்ற பழைய, பெரிய தேக்கு மரத்தைச் சுற்றி நின்று கைகோத்துப் பார்த்தோம். நாலு பேர் போதவில்லை, வேன் டிரைவரையும் கூப்பிட வேண்டியதாயிற்று. வெட்டப்போனபோது ரத்தம் கொட்டியதாம், அதனால் தப்பித்த மரம் என்கிறார்கள். தப்பிக்காதவை ஏராளம். மரம் கொண்டுபோக இங்கிருந்து சாலக்குடிக்கு ட்ராம் தண்டவாளமே போட்டிருந்தார்கள். அண்ணனின் தாத்தா அதில் மரம் ஏற்றிய கூலியாள்.

வேன் சவாரியில் புலி தெரியவில்லை. காட்டெருமை, மலை அணில், தூரத்தில் ஒரு யானையின் முதுகு, அவ்வளவுதான். புலி பார்த்தே தீருவேன் என்பவர்கள் போனால் மனம் நொந்துதான் திரும்புவார்கள்.

அப்புறம் அணை. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள மண்ணில் இருந்தாலும் இயக்குவது தமிழ்நாடு. இங்கிருந்து சுரங்கம் வழியாக சர்க்கார்பதி, அங்கே மின்சாரம் எடுத்த பிறகு கால்வாயில் திருமூர்த்தி அணை, அப்புறம் எங்கள் தோப்பு. இதை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க போய்ச் சேருதுன்னு நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். உடுமலைக்கு வரச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்தேன். இன்னும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்யாமல் மலை ஏறாதீர்கள். போன் சிக்னலை நம்பாதீர்கள். சாப்பாட்டில் மட்டா அரிசிதான், கேரளச் சிவப்பரிசி. என் மகளுக்குப் பிடிக்கவில்லை, நான் இரண்டாம் தரம் வாங்கினேன். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது கடையில் தேன் ஒரு பாட்டில் வாங்கினேன், கரடிக்கு முந்திக்கொண்டு எடுத்ததாக இருக்கும்.