கார் காப்பீடு: கடன் வரலாறா, ஓட்டிய வரலாறா?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கார் காப்பீட்டுப் பிரீமியத்தில் உங்கள் கடன் வரலாற்றையும் சேர்க்க விடுகின்றன. கலிபோர்னியா விடுவதில்லை. 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆவது முன்மொழிவின்படி அங்கே ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் மைல்கள், அனுபவம் ஆகியவற்றுக்கே முதலிடம். ஹவாய், மாசசூசெட்ஸிலும் கடன் வரலாற்றை எண்ணாகச் சுருக்கும் கடன் மதிப்பெண்ணுக்குத் தடைதான்.

கடன் வரலாற்றை வைத்துக் காப்பீட்டுக்கெனப் போடும் மதிப்பெண்ணும் வங்கி பார்க்கும் மதிப்பெண்ணும் ஒன்றல்ல. வங்கிக்குக் கடன் திரும்புமா என்பது கேள்வி. காப்பீட்டு நிறுவனத்துக்கு இழப்பீடு எவ்வளவு போகும் என்பது கேள்வி. இம்மதிப்பெண்ணைக் கணக்கிடும் ஃபைகோ (FICO) நிறுவனத்தின் காப்பீட்டுக் கணக்கில் தவணை கட்டிய ஒழுங்குக்குச் சுமார் 40 சதவீத எடை, பாக்கிக் கடனுக்கு 30. வருமானம் இதில் வராது. நிறுவனங்களின் வாதத்தில் உண்மை உண்டு: இம்மதிப்பெண் இழப்பீட்டுச் செலவை முன்கணிக்கிறது என்றே 2007-இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் சொன்னது. கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் மக்களும் குறைந்த மதிப்பெண்களில் குவிந்திருப்பதையும் அதே அறிக்கைதான் காட்டியது.

என் மனம் கலிபோர்னியா பக்கமே. மருத்துவச் செலவால் கடனில் விழுந்தவர், ஒரு விபத்தும் இல்லாமல் கூடுதலாகக் கட்டுவது எப்படி நியாயம்?

மற்ற மாநிலத்தவர் கவனிக்க: கடன் வரலாற்றால் பிரீமியம் கூடினால் நிறுவனம் அதைத் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பு வந்த 60 நாளுக்குள், உங்கள் கடன் வரலாறு பதிவாகியிருக்கும் கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கி, பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.