நாலு வருஷம், 6,800 கிலோமீட்டர்: பச்சைமலையிலும் காரைக் களிமண்ணிலும் ஒரு ஹார்ட்டெயில்

2021 ஆகஸ்டில் வாங்கிய மலைச்சைக்கிள். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத இந்த வகையைத்தான் ஹார்ட்டெயில் என்பார்கள். 29 இன்ச் சக்கரம், அலுமினிய ஃபிரேம், முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், பெடல் பக்கம் ஒரே பல்சக்கரம், பின்னால் பத்து கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அன்றைக்கு 46,000 ரூபாய் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். இந்த விலையில் கிடைக்கிற நாலைந்து வண்டிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி உதிரிகளோடுதான் வருகின்றன. ஸ்டிக்கர்தான் வேறு. அதனால் பெயரை விடுங்கள்.

நான் இருப்பது திருச்சி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் எனக்கு இரண்டு திசைகள். ஒன்று, துறையூர் வழியாகச் சோபனபுரம், அங்கிருந்து மலை ஏறி டாப் செங்காட்டுப்பட்டி. இன்னொன்று, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய், கிழக்கே திரும்பி ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம், சாத்தனூர். முதலாவது காடும் மலையும். இரண்டாவது ஒரு காலத்தில் கடலாக இருந்த தரை. நாலு வருஷமாக இந்த இரண்டிலும்தான் வண்டி ஓடுகிறது.

வாங்கும்போது நானும் எல்லாரையும் போல எடை எத்தனை கிலோ, ஃபோர்க் எவ்வளவு அமுங்கும் என்றுதான் பார்த்தேன். ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன், அதெல்லாம் இரண்டாம்பட்சம். வண்டியில் எது முதலில் தேயும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் ஓட்டுகிற இடத்தின் பாறை.

பச்சைமலையிலிருந்து தொடங்குகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அடிவாரத்தில் முள்காடு, ஏற ஏற இலையுதிர் காடு, மேலே போனால் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களும் மரவள்ளிக் கொல்லைகளும். தார்ச்சாலை உண்டு. ஆனால் என் இஷ்டம் ஊருக்கு ஊர் போகிற செம்மண் பாதைகள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு டிராக்டர் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் முதுகெலும்பு மாதிரி மேடு நிற்கும். அந்த மேட்டில் ஓட்டினால் சுகம். சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தால் பெடல் மண்ணில் இடிக்கும். காப்புக்காட்டுக்குள் போகிற பாதைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். ஊர்ப் பாதைகளே ஒரு நாளைக்குத் தாராளம்.

மலையின் உடம்பு நைஸும் சார்னோக்கைட்டும். பல நூறு கோடி ஆண்டு வயதான, பூமிக்கடியில் வெந்து இறுகிய பாறைகள். சார்னோக்கைட்டுக்கு அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் சமாதிக் கல் இந்த வகைப் பாறை. 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் பாறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். பாறை வகைக்குச் சமாதியிலிருந்து பெயர் கிடைத்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். இந்த மலைப் பாதைகளில் செம்மண்ணுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று குவார்ட்ஸ் சில்லுகள் நீட்டிக்கொண்டிருக்கும். குவார்ட்ஸ் சாதாரண இரும்பைக் கீறும், ரப்பர் அதற்கு எம்மாத்திரம்? வண்டியோடு வந்த டயரின் பக்கச்சுவர் எட்டாவது மாதமே இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்தது. பாக்கெட்டில் இருந்த பிஸ்கட் கவரை மடித்து உள்ளே கொடுத்து, டியூப் போட்டு, காற்றைக் குறைவாக அடித்து இறங்கி வந்தேன். அன்றிலிருந்து பக்கச்சுவர் தடிமனான 2.25 இன்ச் அகல டயர்தான். ஜோடிக்கு 300 கிராம் கூடுதல் எடை. ஏறும்போது தொடை சொல்லும், ஆனால் அதற்கப்புறம் ஒருமுறைகூடக் கிழியவில்லை.

இறக்கத்தில் பிரேக். கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்ததில், முதல் வருஷம் ஒரு தடவை லீவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொண்டது. கருகிய வாடை. ஓரமாக வண்டியைச் சாய்த்து டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றப்போனேன், நல்லவேளை ஊற்றவில்லை. சூட்டில் ஊற்றியிருந்தால் டிஸ்க் கோணிப்போயிருக்கும். அப்புறம் முன்பக்கம் 160 மில்லிமீட்டர் டிஸ்க்கை மாற்றி 180 போட்டேன், பிரேக் பேடும் உலோகக் கலவை. சத்தம் போடும், நாய்கள் துரத்தும், ஆனால் நிற்கும். நாலு வருஷத்தில் பதினொரு செட் பேடு தேய்ந்திருக்கிறது, பாதிக்கு மேல் இந்த மலைக்கே.

இனி கிழக்குப் பக்கம். ஊட்டத்தூரைத் தாண்டும்போது தரையின் நிறமே மாறும். மேற்கே கல்லும் செம்மண்ணும், இங்கே மஞ்சளும் பழுப்புமாகக் களிமண். காரைக்கு அருகில் மழைநீர் அரித்து அரித்து நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளாகப் பிளந்துவிட்ட பொட்டல் நிலம் இருக்கிறது. மரம் கிடையாது. நிலம் முழுக்கக் கண்ணாடி உடைத்துக் கொட்டினாற்போல மின்னும். பயந்து வண்டியைத் தூக்க வேண்டாம், அது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும், டயரை ஒன்றும் செய்யாது.

இந்தக் களிமண் சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பெயர்கள்தான் புழக்கத்தில். சிவன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஊட்டத்தூர், நிலவியல் படிக்கிறவர்களுக்குக் கடலடிப் பாறைத் தொகுதி ஒன்றின் பெயர்.

சரிவில் குனிந்து பார்த்தால் தோட்டா மாதிரி ஒன்று கிடக்கும். சுண்டுவிரல் பருமன், தேன் நிறம், ஒரு முனை கூர்மை. பெலெம்னைட் என்பார்கள். கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிரியின் உள்ளோடு. உடைந்த முனையை வெயிலில் திருப்பினால் நடுப்புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் நார்நாராக ஓடும் கோடுகள் தெரியும், எலுமிச்சையைக் குறுக்கே வெட்டினாற்போல. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்று என்று எடுத்துப்போய்த்தான் பாதையோரத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.

இந்தத் தரை செயினுக்கு எமன். காய்ந்த களிமண் மாவு மாதிரி. எண்ணெய் போட்ட செயினில் போய் அப்பி, அரைப்புப் பசையாகிவிடும். முதல் செயின் 1,500 கிலோமீட்டரிலேயே நீண்டுவிட்டது. நான் கவனிக்காமல் ஓட்டியதில் பின் பல்சக்கரத் தொகுதியும் போனது, 3,500 ரூபாய் தண்டம். இப்போது மெழுகுதான். செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, உருக்கிய பாரஃபினில் முக்கி எடுப்பேன். வீட்டில் அந்தப் பழைய பாத்திரத்துக்குத் தனி வரலாறே இருக்கிறது, அதை விடுங்கள். பலன் என்னவென்றால் அடுத்த செயின் 2,600 கிலோமீட்டர் தாண்டியது.

மழை பெய்துவிட்டால் கதை வேறு. 2022 நவம்பரில், முந்தின நாள் தூறல்தானே என்று காரைக்குப் போனேன். இருநூறு மீட்டர் போவதற்குள் டயரில் களிமண் அடுக்கடுக்காக ஏறி, ஃபோர்க்குக்கு நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடிக்கு ஒருமுறை திரும்ப அடைக்கிறது. கியரைத் தாங்கும் ஹேங்கரும் வளைந்துவிட்டது. பதினாலு கிலோ வண்டி, மண்ணோடு சேர்த்து இருபதுக்குக் குறையாது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குடைக்கடியிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, சைக்கிள் மேல மனுசன் போவான்னு பார்த்திருக்கேன். மனுசன் மேல சைக்கிள் போறத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மண்ணு விட மாட்டேங்குது தாத்தா."

"ஈரத்துல நாங்களே ஆட்ட அந்தப் பக்கம் ஓட்ட மாட்டோம். ஆட்டுக்குத் தெரியுது."

அவர் சொன்னதை அப்படியே விதியாக வைத்திருக்கிறேன். மழை பெய்து மூன்று நாள் காயாமல் காரைப் பக்கம் போவதில்லை. வண்டிக்காக மட்டுமல்ல. ஈர மண்ணில் பதிந்த என் டயர்த் தடத்தை ஜனவரியில் போய்ப் பார்த்தேன், செங்கல் சூளையில் சுட்டாற்போல அப்படியே இருந்தது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும், புது ஓடை ஒன்று வெட்டும். அதனால் இப்போது சரிவுகளில் இறங்கவே மாட்டேன். வண்டிப்பாதையில் நிறுத்திவிட்டு நடை.

சரிவில் இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கும், எலுமிச்சை முதல் உருளைக்கிழங்கு வரை எல்லா அளவிலும். முன்சக்கரம் அவற்றின் மேல் ஏறினால் கோலிக்குண்டின் மேல் கால் வைத்த கதிதான். முழங்கையில் ஏழு தையல்.

பஞ்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாறை வேலை இல்லை. சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும். முதல் மூன்று மாதத்தில் பத்தொன்பது பஞ்சர், கணக்கு எழுதி வைத்திருந்தேன். டியூப்லெஸ் ஆக்கியபிறகு நாலு வருஷத்தில் மூன்று. ஆனால் நம் வெயிலுக்கு டயருக்குள் ஊற்றுகிற, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் இரண்டு மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். ஆறு மாதம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது வேறு ஏதோ ஊருக்கு. என் எடை 74 கிலோ, முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன்.

சாத்தனூர் கல்மரத்துக்கு மலைச்சைக்கிளே தேவையில்லை, தார்ச்சாலையிலேயே போகலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் போகிறேன். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குத் தெரியப்படுத்தியது. 18 மீட்டர் நீளம், வேலிக்குள் படுத்துக்கிடக்கிறது. 12 கோடி ஆண்டு வயது என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை. பூக்கும் தாவரங்கள் எங்கும் பரவுவதற்கு முந்தைய காலத்து ஊசியிலை மர இனம், ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடல் மண்ணில் புதைந்து கல்லானது. மேற்பரப்பில் மரத்தின் வரிகள் கை ரேகை மாதிரி தெரியும். கருவேலம் தவிர நிழல் கிடைக்காத சுற்றுப்புறத்தில் இத்தனை பெரிய மரம் கிடப்பதைப் பார்க்கிற போதெல்லாம் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிடுகிறேன். பக்கத்தில் சோளக்காட்டு ஓரமாக ஒரு கடை உண்டு, திறந்திருந்தால் அதிர்ஷ்டம்.

செலவுக் கணக்கு: மூன்று செயின், ஒரு பின் பல்சக்கரத் தொகுதி, ஐந்து டயர், பதினொரு செட் பேடு, இரண்டு ஹேங்கர், சீலன்ட், ஃபோர்க் சர்வீஸ் இரண்டு தடவை, கிராங்க் பேரிங் ஒன்று. எல்லாம் சேர்த்துச் சுமார் 32,000. வண்டி விலையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஃபோர்க் சர்வீஸ் முதல் தடவை கொடுத்த இடத்தில் தூசி நுழையாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றாமலே மாற்றியதாகப் பில் போட்டார்கள். இரண்டாவது தடவை நானே பிரித்துப் பழகிக்கொண்டேன். ஃபிரேமில் இதுவரை ஒரு விரிசல் இல்லை. சக்கரக் கோட்டம் வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

பின்னாலும் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டி வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பச்சைமலை இறக்கத்துக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் காரைத் தூசியில் அத்தனை கூடுதல் பேரிங்குகளை யார் கழுவுவது? நான் இதையே வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் கையில் 50,000 ரூபாய் இருந்தால், 40,000க்கு வண்டியும் மீதி 10,000க்கு நல்ல டயரும் பெரிய டிஸ்க்கும் என்று பிரித்து யோசியுங்கள். ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், திருச்சியில் நான் விசாரித்த கடைகளில் என் வண்டிக்கானது கிடைக்கவில்லை, வரவழைக்கப் பதினெட்டு நாள் ஆனது.