பிளேஸ்டேஷன் 5-க்கு ‘1 முதல் 16 வரை முழு செட்’: மும்பைக்காரர்கள் கவனிக்கவும்

லாமிங்டன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிக் கடையில், ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ கேம் தொடரின் விளையாட்டுகளை ‘1 முதல் 16 வரை முழு செட், எல்லாம் பிளேஸ்டேஷன் 5-இல் ஓடும்’ என்று சொல்லி ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். பெட்டிகளை வரிசையாக அடுக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுகிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நம்மிடம் தமிழில்தான் பேசுவார். அப்படியொரு செட் உலகத்திலேயே கிடையாது. என்னிடம் 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்தனுப்பியது என்ன என்பதை விவரமாகவே எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

நான் முழு செட் கேட்கவே இல்லை. அக்கா மகன் பிளஸ் டூ முடித்த கையோடு பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருந்தான், டிஸ்க் போடும் வசதி உள்ள மாடல். அவனுக்குப் பரிசாகக் கொடுக்க ஏழு பெட்டிகள் வேண்டும் என்று, எந்தக் கருவிக்கான எந்தப் பதிப்பு என்பதோடு எழுதி அனுப்பினேன். முதல் ஆறு ஆட்டங்களும் சேர்ந்த பிக்சல் ரீமாஸ்டர் தொகுப்பு, 10-உம் அதன் தொடர்ச்சியான 10-2-உம் சேர்ந்த எச்டி பதிப்பு, 12-இன் மறுபதிப்பான ஸோடியாக் ஏஜ், 15 ஆகிய நான்கும் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள். இவற்றை 5 தாராளமாக ஏற்றுக்கொள்ளும். இவை போக ஏழாம் ஆட்டத்தின் ரீமேக், அதன் அடுத்த பாகமான ரீபர்த், கடைசியாக 16.

“எல்லாம் கைவசம் இருக்கிறது தம்பி. பழையதுதான், ஆனால் ஒரு கீறல் இருக்காது. பணத்தைப் போட்டுவிடுங்கள், பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்” என்று குரல் பதிவு அனுப்பினார். முன்பு ஒரு முறை என் கன்ட்ரோலரை ஒழுங்காகப் பழுது பார்த்துக் கொடுத்தவர் என்பதால் யுபிஐ-யில் முழுத் தொகையையும் அனுப்பினேன். அட்டைப்பெட்டி செம்பூரில் என் வீட்டுக்கு வந்தபோது நான் வேலையில் இருந்தேன். “நம்மூர்ப் பையன்தான் கொண்டுவந்தான். பாவம், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்” என்றார் அம்மா.

கேட்டது ஏழு. வந்தது ஒன்பது பெட்டிகளும் ஒரு துண்டுச் சீட்டும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் புத்தம் புதிய பிளாஸ்டிக் உறை. கூட வைத்த பெட்டிகளை ‘அன்பளிப்பு’ என்று பில்லில் எழுதியிருந்தார். பில் என்றால் கடைப் பெயர் கூட இல்லாத வெள்ளைத் தாள். ‘கேம் சிடி 9’ என்று ஒரு வரி, கீழே தொகை, ஜிஎஸ்டி எண் இல்லை.

அக்கா மகன் முதலில் கையில் எடுத்தது 13. அதன் அட்டையில் பிளேஸ்டேஷன் 5-இன் வெள்ளைப் பட்டை இருந்தது. பட்டை இடது பக்கம் அகலமாகவும் வலது பக்கம் ஒல்லியாகவும் இருந்தது. அட்டையை வெளியே உருவி விரலால் தேய்த்தபோது மை ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது பிளேஸ்டேஷன் 3 டிஸ்க். 13 வந்தது 2009-இல், பிளேஸ்டேஷன் 3-க்கு. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தது, கணினிக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 4-க்கும் 5-க்கும் வரவே இல்லை. பிளேஸ்டேஷன் 5, பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று சொல்லிவிடும். ஆகவே 13-க்கு 5-இன் அட்டை போட்டு யார் காட்டினாலும் அது வீட்டுப் பிரிண்டரில் பிறந்தது. இந்த ஓர் அடையாளம் போதும், கடையை விட்டு இறங்கிவிடலாம்.

இந்தத் தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. முதல் ஃபைனல் ஃபேன்டசி 1987 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சி உருவாக்கியது. முதல் மூன்றும் ஃபேமிகாம், அடுத்த மூன்றும் சூப்பர் ஃபேமிகாம். 1997-இல் 7 வந்தபோது கேட்ரிட்ஜை விட்டு பிளேஸ்டேஷனின் சிடிக்குத் தாவினார்கள், மூன்று சிடிக்கள். 10 முதல் 12 வரை பிளேஸ்டேஷன் 2. இப்படிக் கருவி மாறும்போது பழைய ஆட்டம் பெரும்பாலும் பழைய கருவியோடு நின்றுவிடும். யாராவது மறுபதிப்புப் போட்டால்தான் அடுத்த வீட்டுக்கு வரும். சிலவற்றுக்குப் போட்டார்கள், சிலவற்றுக்குப் போடவில்லை. எந்த எண்ணுக்கு எந்தக் கருவியில் பதிப்பு இருக்கிறது என்று ஆட்டத்தில் ஊறியவர்களே தடுமாறுவார்கள். பிள்ளைக்கு வாங்கித் தரும் அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்?

எண்களிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானின் 2, 3, 5 ஆகிய மூன்றும் அன்று அமெரிக்காவுக்குப் போகவில்லை. அதனால் 1991-இல் நான்காம் ஆட்டத்தை அங்கே ‘2’ என்று விற்றார்கள். 1994-இல் ஆறாம் ஆட்டத்தை ‘3’ என்று விற்றார்கள். பிறகு 7-ஐ 7 என்றே வெளியிட்டதும் கணக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த முதல் பெட்டியில் பிக்சல் ரீமாஸ்டர் இல்லை. மார்க்கரால் ‘1-6’ என்று எழுதிய டிவிடி ஒன்று இருந்தது. பிளேஸ்டேஷனில் போட்டால் அசையவில்லை. கணினியில் போட்டுப் பார்த்தேன். இணையத்திலிருந்து திருடி இறக்கிய ஆறு கோப்புகள். ‘2’ என்று இருந்ததைத் திறந்தால் நான்காம் ஆட்டத்தின் நாயகன் செசில் நின்றான். ‘4’-ஐத் திறந்தாலும் அதே செசில். ‘3’-இலும் ‘6’-இலும் ஒரே டெர்ரா, ஆறாம் ஆட்டத்தின் நாயகி. ஆக, ஆறு என்று சொல்லி விற்றது நான்கு. திருட்டுச் சரக்கிலும் எண்ணிக்கைக் குறைவு! அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறும் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதைப் பயன்படுத்துகிறோமோ அது வளரும் என்று 1988-இல் துணிந்து மாற்றிப் பார்த்த உண்மையான இரண்டாம் ஆட்டம் அதில் இல்லவே இல்லை. எல்லோரும் திட்டும் ஆட்டம் அது; எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

மற்ற பெட்டிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 10/10-2 பெட்டியில் பிளேஸ்டேஷன் 3 டிஸ்க். 12-இல் ஸோடியாக் ஏஜ் இல்லை, 2006-இன் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க். இரண்டும் 5-இல் ஓடாது. 11 அன்பளிப்பாம். அது 2002-இல் வந்த, இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும் ஆட்டம். கணினியில் இன்னும் ஓடுகிறது, ஆனால் பிளேஸ்டேஷன் 2-க்கான சேவையை 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த டிஸ்க்கை டீ டம்ளருக்கு அடியில் வைக்கலாம். 14-உம் இணைய ஆட்டம்தான். 2010-இல் வந்து படுதோல்வி அடைந்து, முற்றாக மூடப்பட்டு, 2013-இல் புதிதாகக் கட்டி எழுப்பப்பட்டது. இந்தத் துறையில் அப்படி மீண்டு எழுந்த ஆட்டங்கள் அரிது. அதற்குப் பெட்டியை விட உள்ளே இருக்கும் பதிவு எண்தான் முக்கியம். ஒரு கணக்கில் ஒரு முறை பதிந்துவிட்டால் முடிந்தது. எனக்கு வந்த அட்டையில் எண்ணை மறைக்கும் பூச்சு ஏற்கனவே சுரண்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் மாதச் சந்தா வேறு கட்ட வேண்டும் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

15-உம் ரீமேக்கும் சரியான டிஸ்க்குகள், நன்றாக ஓடுகின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரீபர்த் பெட்டியில் நடந்தது நுணுக்கமான வேலை. 2024 பிப்ரவரியில் வந்த அந்த ஆட்டம் ஒரே டிஸ்க்கில் அடங்காதது. பெட்டிக்குள் இரண்டு இருக்க வேண்டும்: ஒன்று தகவல் டிஸ்க், மற்றது ஆடும் டிஸ்க். முதலாவதை வைத்து ஆட்டத்தைக் கருவியில் ஏற்ற வேண்டும், பிறகு இரண்டாவதைப் போட்டு ஆட வேண்டும். எனக்கு வந்ததில் ஆடும் டிஸ்க் மட்டும். மற்றது மாட்டும் இடம் காலி. தகவல் டிஸ்க் இன்னொருவருக்கு ‘ரீபர்த்’ என்று விற்கப்பட்டிருக்கும் என்று சந்தேகிக்கிறேன்; ஒரு பெட்டியில் இரண்டு வியாபாரம்.

16-க்குப் பெட்டியே இல்லை. துண்டுச் சீட்டில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும். அந்தக் கணக்கில் நுழைந்தால் ஆட்டம் இறங்கியது, பையன் சந்தோஷமாக ஆடவும் தொடங்கினான். சில நாள் கழித்து ஆட்டத்தின் படத்தின் மேல் பூட்டு விழுந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டிருந்தார்கள். ஒரே கணக்கைப் பலருக்கு விற்று, பழைய ஆளை வெளியே தள்ளிப் புதிய ஆளை உள்ளே விடும் இந்த வியாபாரம் லாமிங்டன் சாலையில் மட்டும் நடப்பதில்லை. கணக்கு விற்பனையை பிளேஸ்டேஷனின் விதிமுறைகளே அனுமதிப்பதில்லை. பூட்டு விழுந்தால் அங்கே முறையிடவும் வழியில்லை.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கடைக்குப் போனேன். அங்கே பத்து வயது இருக்கும் பையனோடு ஓர் அம்மா நின்றிருந்தார், அவரும் தமிழ்தான். பையன் போகிமான் பிரியன் போலிருக்கிறது, முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டைதான் வேண்டும் என்றான். “இதுவும் அதே மாதிரிதான் கண்ணா” என்று நம் அண்ணாச்சி 16-ஐ எடுத்துக் காட்டினார். அம்மாவிடம், “கதை தொடர்ச்சியாக வரும்மா. முதலிலிருந்து வாங்கினால்தான் பதினாறு புரியும். செட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

இரண்டும் பொய். எண்ணுள்ள ஒவ்வொரு ஆட்டமும் தனி உலகம், தனிக் கதை, தனி ஆட்கள். சோகோபோ என்ற சவாரிப் பறவை, சிட் என்ற பெயரில் யாராவது ஒருவர், படிகங்கள், நோபுவோ உயமட்சுவின் அந்த ஏறி இறங்கும் தொடக்க இசை, இப்படிச் சிலதான் வீட்டுப் பாத்திரம் போலத் தலைமுறை தாண்டி வருகின்றன. 10-க்கு 10-2, 13-க்கு இரண்டு தொடர்ச்சிகள், ஏழாவதின் ரீமேக் வரிசை போன்றவை விதிவிலக்கு. 16-ஐ மட்டும் வாங்கி ஆடினால் ஒரு வரி கூடப் புரியாமல் போகாது. சண்டை முறையோ தலைகீழாக மாறிவிட்டது. 1991-இல் நான்காவதில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டளை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 10-இல் மறுபடி நிதானமாக முறை வைத்து அடித்தார்கள். என்னைக் கேட்டால் சண்டை உச்சத்தில் இருந்தது அங்கேதான். 15-இல் பொத்தானை அழுத்த அழுத்த வாள் வீசும் ஆட்டமாகவே ஆகிவிட்டது. 16-இன் சண்டையை வடிவமைத்தது டெவில் மே க்ரை 5 என்ற அதிரடி ஆட்டத்தில் வேலை செய்த ரியோட்டா சுசுகி. போகிமானோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தவிர, ஐரோப்பியத் தரச் சான்றில் அது 18 வயதுக்கு மேல். அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. அட்டையில் இருந்த 18 என்ற எண்ணை மட்டும் காட்டினேன். பையன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

அதுவரை ‘தம்பி’யாக இருந்த நான் அந்த நொடியில் ‘சார்’ ஆனேன்.

“சார், வியாபாரத்தைக் கெடுக்காதீர்கள். ஓடவில்லை என்றால் கம்பெனியைப் போய்க் கேளுங்கள். அவன் வருஷா வருஷம் மாற்றிக்கொண்டே போனால் நான் என்ன செய்வேன்?”

மாறுவது உண்மைதான். எந்த ஆண்டில் எந்தக் கருவிக்கு வந்தது என்பதும் அசல் அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. அதை மறைக்கத்தானே வேறு அட்டை அச்சடித்தீர்கள் என்று 13-ஐ மேசை மேல் வைத்தேன். சுவரில் தொங்கிய ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார்.

அந்தப் பலகைக்குப் பயப்பட வேண்டாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். ஒழுங்கான பில் தராததும் அதே வகையில்தான் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்தேன். என் பட்டியல், அவருடைய குரல் பதிவு, யுபிஐ ரசீது, அந்த வெள்ளைத் தாள், பிரிப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. புகார் போன பிறகு 6,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதிக்கு ‘அடுத்த வாரம்’ என்கிறார்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டிக்குப் புது பிளாஸ்டிக் உறை எதற்கு என்று கேளுங்கள். ரீபர்த் என்றால் இரண்டு டிஸ்க்குகளையும் கண்ணால் பாருங்கள். கடையில் கருவி இருந்தால் ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான கடைக்காரர்கள் மறுப்பதில்லை, அதே சாலையில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கணக்கு, கடவுச்சொல் என்று பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேற்றும் அவர் ஸ்டேட்டஸில் அதே செட் இருந்தது, விலை 18,000 என்று ஏற்றி. இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் வெள்ளைத் தாள் பில்லையும் பணம் அனுப்பிய ரசீதையும் படம் எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஆணையத்துக்குப் போகும்போது சேர்த்தே கொடுத்துவிடலாம். ரீபர்த்தின் தகவல் டிஸ்க் மட்டும் யாரிடமாவது மாட்டியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.