ஷிகராக்கி செராமிக் ரெசிடென்சி: யார் போகலாம், யாருக்கு வேண்டாம்

செராமிக் கலைஞர்களுக்கு வெளிநாட்டில் தங்கிப் பணிபுரியும் வாய்ப்பு எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்லும் முதல் நாலைந்து பெயர்களுக்குள் ஷிகராக்கி இருக்கும். ஜப்பானின் ஷிகா மாநிலத்தில், கோகா நகரத்தைச் சேர்ந்த மலையூர் அது. பழைய ஆறு சூளை ஊர்களில் ஒன்று. மற்றவை பிஸென், டோகோனாமே, எச்சிஸென், செட்டோ, தாம்பா. இங்குள்ள செராமிக் கலாசாரப் பூங்கா 1990ல் திறக்கப்பட்டது. 1992 முதல் பல நாட்டுக் கலைஞர்கள் இங்கே தங்கி வேலை செய்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரிய உருவம் கட்டுபவர்களும் விறகுச் சூளை வேண்டுபவர்களும் கடன் வாங்கியாவது போகலாம். மெல்லிய பீங்கான், நுணுக்கமான வண்ணக் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேற்பூச்சு) என்று வேலை செய்பவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. நல்ல மின்சூளை உள்ளூரிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

வருபவர்கள் இரண்டு வகை. பூங்காவே அழைத்து ஆதரவு தரும் விருந்தினர் கலைஞர்கள் ஒரு வகை. விண்ணப்பித்துத் தேர்வாகி, சொந்தச் செலவில் வரும் ஸ்டுடியோ கலைஞர்கள் இன்னொரு வகை. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகையில்தான் போக முடியும். தேர்வானதும் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. இடம், மண், சூளை எல்லாவற்றுக்கும் தனித்தனியே கணக்கு உண்டு. தொகையை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் “ஜப்பானிய மரபைக் கற்க விரும்புகிறேன்” என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை சென்டிமீட்டர் உயரம், எத்தனை துண்டு, எந்த வகைச் சூளை, அதற்கு ஏன் ஷிகராக்கி மண்தான் வேண்டும் என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் வேலை கண்ணில் தெரியும்.

அந்த மண்தான் முக்கியம். பீவா ஏரியின் பழைய படுகையில், சிதைந்த கருங்கல்லிலிருந்து உருவானது. ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களின் பருக்கைகள் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும். கையில் எடுத்தால் ரவை கலந்து பிசைந்த மாவு மாதிரி இருக்கும். சக்கரத்தில் வனையும்போது உள்ளங்கை ஓரம் தேய்ந்து எரியும். சன்ன மண்ணில் பழகியவர்கள் முதல் வாரம் திட்டத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பருக்கைகள்தான் சுவரைத் தாங்குகின்றன. ஈரம் வெளியேற வழி விடுகின்றன, சுருக்கத்தையும் அதனால் வரும் விரிசலையும் குறைக்கின்றன. பெரிய ஜாடியும், ஊரெங்கும் நிற்கும் தனூக்கி (நரி போன்ற ஜப்பானியக் காட்டு விலங்கு) பொம்மைகளும், குளியல் தொட்டியும்கூட இங்கே செய்ய முடிந்தது இதனால்தான். ஒசாகாவில் 1970 கண்காட்சிக்காக எழுப்பிய சூரிய கோபுரத்தின் முதுகிலுள்ள கறுப்புச் சூரியனுக்கு ஓடுகள் சுட்டதும் இந்த ஊர்தான்.

ஒரு மீட்டர் உயர உருவத்தைக் கயிறாகத் திரித்துக் கட்டுவதென்றால், ஒரு நாளைக்கு 20 முதல் 25 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். கீழ்ப்பகுதி இறுகாமல் மேலே பாரம் ஏற்றினால் இடுப்பில் பிதுங்கும். நிறுத்தும்போது மேல் விளிம்பை ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றி மூடி வையுங்கள். கீழே மட்டும் காற்றுப் படட்டும். சுவர் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். ஓரிடம் மெலிந்து, பக்கத்திலேயே தடித்திருந்தால் அந்த எல்லையில்தான் விரிசல் பிறக்கும். அடிப்பாகம் பலகையில் ஒட்டிக்கொண்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் கீறும். பலகை மேல் செய்தித்தாளும் மெல்லிய மணலும் போட்டால் அடி நகர்ந்து சுருங்கிக்கொள்ளும். காய்ந்து சுட்ட பிறகு 10 முதல் 12 சதவீதம் குறையும். 88 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 100 கட்ட வேண்டும்.

நம்மவர்கள் ஏமாறுவது காலக்கணக்கில். சென்னையில் காலையில் வனைந்த குவளை மாலைக்குள் அடி சீவும் பதத்துக்கு வந்துவிடும். மலையூரில், அதுவும் ஜூன், ஜூலை மழையில், பெரிய உருவம் காயவே மூன்று வாரம் ஆகும். ஜனவரி, பிப்ரவரியில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். சூடில்லாத மூலையில் பச்சைப் பாண்டத்தை வைத்துவிட்டுப் போனால் உள்ளே நீர் உறைந்து ஓடு உதிரும். மூன்று மாதம் கிடைத்தால் கட்ட ஐந்து வாரம், காய மூன்று, முதல் சூட்டுக்கு (கிளேஸ் பூசுமுன் சுடுவது) ஒன்று, இறுதிச் சூட்டுக்கும் ஆறுவதற்கும் இரண்டு என்று ஒதுக்குங்கள். மிச்சம் பொதி கட்ட. ஒரு மாதம்தான் என்றால் பெரிய வேலையை மறந்துவிட்டுச் சிறிய துண்டுகளாகத் திட்டமிடுவதே நல்லது.

முதல் சூட்டில் அவசரம் கூடாது. 100 டிகிரியைத் தாண்டுமுன் பல மணி நேரம் அங்கேயே நிறுத்தி ஈரத்தை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் நீராவி சுவரைப் பெயர்க்கும். 573 டிகிரி அருகே குவார்ட்ஸ் சட்டென்று விரியும். ஏறும்போது மட்டுமல்ல, ஆறும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும்.

விறகுச் சூளைதான் இங்கே உண்மையான கூட்டு வேலை. அனகாமா என்ற ஒற்றை அறைச் சுரங்கச் சூளை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் இரவுபகலாக எரியும், வெப்பம் 1,250 டிகிரிக்கு மேல் போகும். தனியாளால் ஆகாது, முறை வைத்து விறகு போட வேண்டும். விறகின் சாம்பல் பானையில் படிந்து உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழியும். தணலுக்குள் புதைந்த பக்கம் கருகிச் சொரசொரப்பாகும், தீ நாக்கு மட்டும் தொட்ட பக்கம் செம்மஞ்சள் ஏறும். எந்தப் பானை எந்த இடத்தில் என்பதே பாதி வடிவமைப்பு. அடுக்கும்போது அலுமினா ஹைட்ரேட் என்ற வெப்பம் தாங்கும் பொடியும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் சம அளவில் பிசைந்த சிறு உருண்டைகளை அடியில் வைக்காவிட்டால் சாம்பல் உருகிப் பலகையோடு ஒட்டிவிடும். பிறகு உளிதான். எரித்த அளவு நாள் ஆறவும் வேண்டும். பொறுமையிழந்து கதவைத் திறந்தால் குளிர்க்காற்று பட்டு டங்கென்று வெடிக்கும். உங்கள் தேதிகளில் விறகுச் சூளை ஏற்றுகிறார்களா, அதில் பங்கு கிடைக்குமா என்று புறப்படும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கிளேஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே நாம் பயன்படுத்தும் ஃபெல்ட்ஸ்பார் வேறு, அங்கே கிடைப்பது வேறு. ஊரிலிருந்து கொண்டுபோன கலவை அந்த மண்மேல் வலைபோல் விரிசல் விடலாம், அல்லது வழிந்து ஓடலாம். முதல் வாரத்திலேயே 20 சோதனை வில்லைகளைச் செய்து, பிறர் ஏற்றும் சூட்டில் நுழைத்துவிடுவது சாமர்த்தியம்.

சமூகப் பணிக்கும் இடமுண்டு. பூங்கா குழந்தைகளுக்கு மண் வகுப்புகள் நடத்துகிறது. தற்கால செராமிக் அருங்காட்சியகமும் வளாகத்திலேயே இருக்கிறது. அக்டோபரில் ஊர்ச் சந்தை வேறு. ஆனால் ஊருக்குள் ஆங்கிலம் அதிகம் செல்லாது. பத்து ஜப்பானிய வாக்கியமும், உங்கள் வேலைகளின் அச்சிட்ட படங்களும் கையில் இருந்தால் சூளைக்காரர்கள் கதவு திறக்கும். புதுச்சேரியில் 1971ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் டெபோரா ஸ்மித்தும் பிஸெனில் கற்றவர்தான். அந்த வழியில் வந்த ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் சுட்ட கெட்டிப் பாண்டம்) கலைஞர்களுக்கு இந்த ஊரின் வேலைமுறை அந்நியமாகத் தோன்றாது.

போக, கிபுகாவாவில் இறங்கி ஷிகராக்கி கோகென் ரயிலில் 14.7 கிலோமீட்டர். கடைசி நிலையம் என்பதால் தவறவிட வழியில்லை.

கடைசிச் செலவுதான் பலரையும் கவிழ்க்கும்: திரும்பி வரும் சரக்கு. மரப்பெட்டியில் அனுப்பினால், மரத்திலுள்ள பூச்சிகளை நீக்க வெப்பச் சுத்திகரிப்பு போன்றவை செய்த முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும். பெரிய உருவத்தை முதலிலிருந்தே 40 சென்டிமீட்டர் பகுதிகளாகப் பிரித்து, பொருத்தும் விளிம்போடு கட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் புகைப்படம், அளவு, எடையுடன் பட்டியலிட்டு வைத்தால் சுங்கத்தில் பேச எளிது. எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. எதை அங்கேயே விட்டுவரலாம் என்பதைப் பூங்காவிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.